பேக்கிங் இல்லாத படிப்பு

பழுதான பிரஷர் குக்கரைக் கம்பெனிக்காரன் திரும்ப எடுத்துக்கொள்வதுபோல, பழுதான படிப்பையும் படித்தவர் தலையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, நாட்டில் ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக் குக்கருக்கு வந்தது நமக்கென்ன என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். செண்பகவல்லியும் அப்படித்தான் இருந்தாள், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வரை.

அன்று அவள் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் பேக்டரியில், கம்ப்ரஸர் அறைக்கு மறுபடியும் போய்க்கொண்டிருந்தாள். அவள் அங்கே பாதுகாப்புப் பொறியாளர். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. அழுத்தம் சரி, குளிர் சரி. திரை சரி என்று சொன்னால் மற்றவர்களுக்குப் போதும், அவளுக்குப் போதாது. குழாயில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கந்தகத் திரியைக் கொளுத்தி மூட்டுக்கு மூட்டு காட்டி, வெள்ளைப் புகை எழுகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மோனியா துளி கசிந்தாலும் அந்தப் புகை காட்டிக்கொடுத்துவிடும். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், கடைசி மூட்டை ஒழுங்காகப் பார்த்தோமா என்று உள்ளே ஒன்று பிறாண்டும். எழுந்து போவாள்.

மேனேஜர் ரூபர்ட் பர்னாந்து தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். “எம்மா, அந்தக் கொழாய்க்கே கூச்சமா இருக்கும். எத்தன தடவ தொடுவே?”

“ஒரு இடம் சரியாப் படல சார்.”

“எந்த இடம்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் நடக்கேன்?”

அப்போதுதான் அவள் கைப்பேசிக்குத் தொழிற்கல்வித் தர ஆணையத்தின் அறிவிப்பு வந்தது. நின்ற இடத்திலேயே படித்தாள். பிறகு ரூபர்ட்டிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னாள். தான் படித்தது சரிதானா என்று சந்தேகம்.

“‘தங்கள் கல்லூரியின் பட்டதாரிகள் விடையளிக்குமுன் தயங்குவதும், கேட்டவரிடமே எதிர்க்கேள்வி எழுப்புவதும், அளித்த விடையைத் தாமே ஐயுறுவதும் மாதிரி ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே தங்கள் கல்வி தரமற்றது எனத் தொழிற்கல்வித் தர ஆணையம் முடிவு செய்துள்ளது.’ எம்மா, ஒன் கொணம் டெல்லி வரைக்கும் தெரிஞ்சு போச்சே!”

“கீழ படிங்க சார்.”

கீழே படித்ததும் ரூபர்ட்டின் சிரிப்பு இறங்கியது. செண்பகவல்லிக்கு இரண்டு வழிகள். ஒன்று, படிப்பில் விடுபட்டுப்போன கடைசி அடுக்கை ஆணையமே அவள் தலையில் வைத்துக் குறையைச் சரிசெய்யும். இரண்டு, படிப்பை ஆணையம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இணங்காவிட்டால் பட்டம் ரத்து. பட்டம் போனால் அவள் கையெழுத்துப் போட்ட பாதுகாப்புச் சான்று செல்லாது. சான்று இல்லாத பேக்டரிக்குச் சீல்.

“சீல் வச்சா ஐஸ் இல்ல. ஐஸ் இல்லன்னா போட்டு கடலுக்குப் போகாது,” என்றார் ரூபர்ட். “யேசுவே. எம்மா, பேசாம அந்த அடுக்க வச்சுக்கிட்டு வந்துரேன். ஒரு ஊசி மாதிரிதான இருக்கும்?”

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். செண்பகவல்லியின் தலைமுறைக்காரர்கள் வகுப்பில் உட்கார்ந்து நான்கு வருடம் தூங்கியவர்கள் அல்லர். அவர்களுக்குப் படிப்பு நேரே மூளையில் ஏற்றப்பட்டது. ஒரு கோடை விடுமுறை போதும். செடிக்குப் போடுவதுபோல் மாணவர்கள் அதைப் ‘பதியம்’ என்றார்கள். பதியத்தைத் தயாரிப்பது பெரிய கம்பெனிகள். வாங்கி ஏற்றுவது கல்லூரிகள். எந்தப் பதியம் நல்லது, எது மட்டம் என்று சொல்வது ஆணையம். சோதனை நாளில் ஒரே பேராசிரியரை மூன்று கல்லூரிகள் வாடகைக்கு எடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ஆணையம் கட்டடத்தைப் பார்ப்பதில்லை, நூலகத்தை எண்ணுவதில்லை. நேரே தலையைத் திறந்து பார்க்கிறது.

அன்று மாலை அவள் கூடப் படித்த இசக்கிராஜைக் கூப்பிட்டாள். அவன் நாகர்கோவிலில் லிப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அறிவிப்பு வந்த அன்றே குறையைச் சரிசெய்துகொண்டவன்.

“நல்லா தூங்குதேன் செம்பகம்,” என்றான். “முன்னால லிப்ட்ட சரிபண்ணிட்டு, கயித்துக்கு அடியில அரைநாள் நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பேன். இப்ப ஒரு பார்வ. சரின்னா சரி. நீயும் வச்சுக்கிடுவே.”

“ஒனக்கு ஒண்ணும் வித்தியாசமா இல்லியாடா?”

“இல்ல.”

“எங்கம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சே, அதப் பத்திக் கேக்கவே இல்ல நீ.”

“நல்லாத்தான் இருப்பாங்க,” என்றான் இசக்கிராஜ். அன்பாகத்தான் சொன்னான். அவன் குரலில் எங்கும் ஒரு முடிச்சு இல்லை. சலவைக்குப் போய் வந்த வேட்டிபோல விறைப்பாக இருந்தது. பேசி முடிக்கும் வரை அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் நிம்மதியைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று யோசித்தே அவளுக்கு விடிந்துவிட்டது.

மறுநாள் சாத்தூருக்குப் பஸ் ஏறினாள். அவள் படித்த கல்லூரியின் நிறுவனர் தவசிலிங்கம் அண்ணாச்சி, கல்லூரிக்குப் பூட்டு விழுந்த கவலை சற்றும் இல்லாதவர்போல் தன் மிளகாய் வத்தல் மண்டியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் ஆட்டி விதைச் சத்தம் கேட்பார், கீழே போடுவார், அடுத்ததை எடுப்பார். சுற்றிலும் நெடி. அவள் தும்மிக்கொண்டே உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, எங்க தலையில என்னத்தப் போட்டீங்க?”

“போட்டதுல கொறையில்ல தாயி. போடாததுலதான் வந்துருச்சு,” என்றார் அவர். “பொய் சொல்லுவானேன். பதியம் விக்கிற பூனாக் கம்பெனிக்காரன் வந்து மொத்தமா ஒரு வெல சொன்னான். மண்டியில சொன்ன வெலைக்கு எவன் வாங்குவான்? ‘பேக்கிங் இல்லாம லூஸ்ல என்ன வெல?’ன்னேன். முழிச்சான். அப்புறம் எதையோ தட்டிப் பாத்துட்டு, ‘கடைசியா ஒரு அடுக்கு இருக்கு சார், அதக் கழிச்சா நல்லாக் கொறையும்’னான். ‘அதுல பாடம் ஏதும் இருக்கா?’ன்னேன். ‘பாடம் இல்ல, படிச்சது சரிங்கிற நெனப்பு மட்டுந்தான்’னான். ‘ஏய்யா, அந்த நெனப்பு எங்க ஊர்ல பொறக்கும்போதே இருக்கும், அத வேற காசு குடுத்து வாங்கணுமா, கழி அத’ன்னுட்டேன்.”

“அண்ணாச்சி!”

“சரக்கு முழுசா இருக்கு, சாக்குதான இல்லன்னு நெனச்சேன் தாயி. அந்தச் சாக்குக்குத்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரைன்னு எனக்கென்ன தெரியும்?”

செண்பகவல்லிக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. “எங்கல்யாணத்துல தாலி கட்டி முடிச்சதும், மூணு முடிச்சும் ஒழுங்காப் போட்டிருக்கான்னு மேடையிலயே தடவிப் பாத்தேன் அண்ணாச்சி. எம் மாமியா இன்னிக்கும் சொல்லிக் காட்டுதாங்க. வீட்டப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். சோறு வடிச்சா வெந்துதான் இருக்கான்னு ரெண்டு வாட்டி நசுக்குவேன். நிம்மதின்னா என்னன்னு தெரியாது. அது நீங்க பேரம் பேசுன மிச்சமா?”

அண்ணாச்சி கையிலிருந்த வத்தலைக் கீழே வைத்தார். “ஐஸ் பேக்டரில எதும் அசம்பாவிதம் உண்டா?”

“இதுவரைக்கும் இல்ல.”

“ஒருத்தருக்குக் கண்ணெரிச்சல்?”

“கெடையாது. எரிய வுட மாட்டேன்.”

“அப்பொ சரக்கு நல்ல சரக்குதான்,” என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒன்னய மதுரைக்கு என்னைக்கு வரச் சொல்லியிருக்கான்? நானும் வாரேன். வித்தவன் இல்லாம சரக்கத் திருப்ப முடியாது, அது எந்தச் சந்தையிலயும் செல்லாது.”

மதுரையில் ஆணையத்தின் மண்டல அலுவலகம் புதுக் கட்டடம். ஜன்னல்கள் எல்லாம் ஏ.சி.க்காக இறுக்கி மூடியிருந்தன. விசாரணை அதிகாரி நஜ்முதீன் நடுத்தர வயதுக்காரர், சவரம் செய்த முகம், மரியாதையான பேச்சு. அதிகாரம் உள்ளவர்களிடம் வழக்கமாக இருக்கும் முறுக்கு அவரிடம் இல்லை. அதுதான் செண்பகவல்லியை இன்னும் கலக்கியது. அவரிடம் கோபமாவது இருந்தால் அதோடு மோதிப் பார்க்கலாம்.

அண்ணாச்சி வணக்கம் சொன்ன கையோடு நாற்காலியை அதிகாரி பக்கமாக இழுத்துப் போட்டார். தோள் துண்டை எடுத்துத் தன் வலக்கையின் மேல் மூடி, அந்தக் கையை மேஜைக்கு மேலாக நீட்டினார். மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய பழக்கம்.

“கைய வெளிய எடுங்க அண்ணே,” என்றார் நஜ்முதீன், கோபமில்லாமல். “கேமரா இருக்கு.”

“கேமராவுக்குத் தெரியாம இருக்கத்தான சார் துண்டு.”

“அண்ணாச்சி, சும்மா இருங்க,” என்றாள் செண்பகவல்லி. பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். “சார், நான் வேல பாக்கிற எடத்துல ஒரு விபத்து கெடையாது. எங்கூடப் படிச்சவங்க வேல பாக்கிற எடத்தையெல்லாம் விசாரிங்க. ஒண்ணும் நடந்திருக்காது. அப்படிப்பட்ட படிப்ப எப்படி மட்டம்னு சொல்றீங்க?”

“விபத்து நடந்துச்சா இல்லையாங்கறது தொழிற்சாலை இலாகாம்மா. எங்களுக்குப் படிப்போட தரம் மட்டும்தான். தரம்னா என்னன்னு எங்க சட்டமே சொல்லிருது. தயக்கமில்லாத விடை.”

“தயங்கி யோசிச்சுச் சரியாச் சொன்னா?”

“தயங்கினீங்க இல்லையா, அதோட போச்சு.”

“விட்டுருங்களேன் சார். ஒரு எச்சரிக்க குடுத்துட்டு விட்டுருங்க.”

நஜ்முதீன் வருத்தமாகத்தான் சிரித்தார். “கல்லூரிய மூடற அதிகாரம் எனக்கு இருக்கு. பட்டத்த ரத்து பண்ண, படிப்பத் திரும்ப எடுக்க, குறையச் சரிபண்ண, எல்லாத்துக்கும் அதிகாரம் குடுத்திருக்காங்க. சும்மா விடற அதிகாரம் மட்டும் குடுக்கலம்மா. நான் சொல்றதக் கேளுங்க, அந்த அடுக்க வச்சுக்குங்க. திரும்ப எடுக்கறது நல்லதில்ல. பதியத்தப் பிடுங்கினா அது மேல படர்ந்ததும் கூடவே வரும். போன மாசம் ஒருத்தருக்கு எடுத்தோம், பாலம் கட்டறவரு. பொண்ணு பொறந்த சேதி பாலத்து மேல நிக்கும்போதுதான் வந்திருக்கு, அங்கயே பேரும் யோசிச்சு வச்சிருக்காரு. இப்ப அந்தப் பேரு அவருக்கு வாயில வரல. ‘பாப்பா, பாப்பா’ன்னுதான் கூப்பிடறாரு.”

இதையும் அதே சாந்தமான குரலில் சொன்னார். ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி யோசித்தாள். அடுக்கை வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். பேக்டரி திறந்திருக்கும். குழாயைத் தொட வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. தோன்றாதது குறையாகவும் தெரியாது. சரி என்று சொல்ல அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

“ஒரு நிமிசம்,” என்றார் அண்ணாச்சி. “சார், நான் யாவாரி. மண்டியில சரக்கத் திருப்புறதுன்னா ஒரு மொறை இருக்கு. ரெண்டு பேரு கண்ணு முன்னாலயும் எடை போடணும். நான் வித்தது எவ்வளவு, இப்ப இருக்கிறது எவ்வளவு. கூட இருந்தா அது வாங்கினவன் சொத்து, அதுல கை வைக்கக் கூடாது. நீங்க எடை போடாம இந்தப் பிள்ள தலையில கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது.”

“சட்டத்துல அதுக்கு வழி இருக்கு,” என்று ஒப்புக்கொண்டார் நஜ்முதீன். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“கேக்கிறவனுக்கெல்லாம் கேக்காத அடுக்கப் போட்டு அனுப்பிட்டீங்க, எப்படிக் கேப்பான்?”

அடுத்த அறையில் சலூன் நாற்காலி போன்ற ஒன்று இருந்தது. செண்பகவல்லியை உட்கார வைத்து, தலையில் வலைத் தொப்பி மாட்டி, நஜ்முதீனே கருவியை ஓட்டினார். பதியத்தால் வந்தது சிவப்பாகவும், தானாகக் கற்றது பச்சையாகவும் தெரியும் என்று விளக்கினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு யாரோ ஒரு பட்டதாரியின் படத்தை முதலில் திரையில் காட்டினார். வத்தல் காயப்போட்ட களம்போல் ஒரே சிவப்பு.

“நல்ல சரக்கு,” என்றார் அண்ணாச்சி.

அடுத்து செண்பகவல்லியின் படம் வந்தது. நாற்று நட்ட வயல்போல் ஒரே பச்சை.

நஜ்முதீன் கருவியை நிறுத்தி மறுபடி ஓட்டவில்லை. அப்படி ஓட்ட அவருக்குத் தோன்றாது. ஆனால் திரைக்குக் கிட்டே குனிந்தார். “இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல,” என்றார். “ஏத்தினது எதையுமே நீங்க அப்படியே வச்சுக்கலம்மா. ஒவ்வொண்ணையும் சந்தேகப்பட்டு, நீங்களே தொட்டு, மோந்து, கணக்குப் போட்டுப் பாத்திருக்கீங்க. அப்படிப் பாத்ததெல்லாம் உங்க சொந்தப் படிப்பா மாறிருச்சு. கல்லூரிப் படிப்புன்னு உள்ள ஒண்ணுமே மிச்சமில்ல. இந்தா, இந்த மூலையில மட்டும் ஒரு பொட்டு சிவப்பு இருக்கு.”

“அது என்னது?” என்றாள் செண்பகவல்லி பதறி.

நஜ்முதீன் அதைப் பெரிதாக்கினார். ஒலிபெருக்கியில் ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டு எழுந்தது. கல்லூரி நிறுவனர் வாழ்த்து. ‘வத்தலின் சிவப்பென வாழ்க நின் புகழே.’

“அதச் சரியான்னு நான் பாக்கவே இல்ல,” என்றாள் அவள்.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். “சரக்குல உசந்த சரக்குதான் தங்கியிருக்கு! எடுத்துக்கோங்க சார், அதத் தாராளமாத் திருப்பி எடுத்துக்கோங்க. மிச்சம் எங்க பிள்ள சொத்து. நாங்க கெளம்புதோம்.”

“இருங்க,” என்றார் நஜ்முதீன். “திரும்ப எடுக்க ஒண்ணுமில்ல, சரி. குறைய நிவர்த்தி பண்ணவும் முடியாது. அந்த அடுக்கு பதியத்து மேலதான் ஒட்டும், வெறுந்தரையில ஒட்டாது. ஆனா பட்டம் இருக்கே. இந்தக் கல்லூரியில இவங்க படிச்சாங்கன்னு சொல்றதுதான் பட்டம். படிச்சதுக்கு அடையாளமே உள்ள இல்ல. அதனால பட்டம் தன்னால விழுந்துருது.”

“அப்ப நான் யாரு சார்?”

“ப்ளஸ் டூ,” என்றார் நஜ்முதீன். தயக்கமே இல்லாமல்.

சொன்னது போலவே தட்டச்சும் செய்தார். ஆணை அந்த நொடியே பேக்டரிக்குப் போய்விட்டது. செண்பகவல்லி நாற்காலியிலிருந்து இறங்குமுன் ரூபர்ட் போனில் வந்துவிட்டார்.

“எம்மா, என்ன சொல்லதுன்னே தெரியல. மொதலாளி ஆணை வரட்டும்னு காத்திருக்கல. போட்டு கடலுக்குப் போகாம நிக்கக் கூடாதுன்னு, காலையிலயே ஒன் எடத்துல வேற ஆளப் போட்டுட்டாரு. நல்ல முத்திர குத்தின ஆளு. வந்து உக்காந்த ஒடனே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டாரு. கம்ப்ரஸர் ரூம் பக்கமே போகல. ‘திரையில பச்சையா இருக்குல்ல’ங்காரு. ரொம்ப அமைதியான மனுசன். நான்தான் ரெண்டு தடவ போய்க் கொழாயத் தொட்டுப் பாத்துட்டேன்.”

“சார், அவரக் கொஞ்சம்...”

“நீ இனிமே கேட்டுக்குள்ளயே வரக் கூடாதாம்மா. ஆணையில போட்டிருக்கு.”

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறிந்தது அத்தனையும் அவள் தலைக்குள் பத்திரமாக இருந்தது. அதை வைத்து ஒரு குழாயைத் தொடக்கூட இனி உரிமையில்லை. நஜ்முதீன் மேஜையில் இருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். அவர் கெட்டவர் அல்லர்.

அண்ணாச்சி மட்டும் பாதி மூடிய கண்ணோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை படியாதபோது வியாபாரிகள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏன் சார், எங்க காலேஜுக்கு முந்தியெல்லாம் கமிட்டி வருமே. வாரவங்களுக்கு என்ன படிப்பு இருக்கணும்?”

“நிபுணர்களா? ஆணையம் தகுதியுள்ளவர்னு கருதற யாரையும் அமர்த்தலாம். தனியாப் பட்டம் எதுவும் சொல்லல.”

“அதான் கேட்டேன். பாய்லர் பாக்க ஒரு தடவ பல் டாக்டர் வந்தாரு. நல்ல மனுசன். பாய்லரு பளபளன்னு இருக்குன்னு எழுதிட்டு, போகும்போது எனக்குக் கடவாப்பல்லு சொத்தைன்னு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டும் சரி. அவர நிபுணர்னு கருதின ஆணையம் இந்தப் பிள்ளையக் கருதக் கூடாதா?”

“பட்டம் இல்லாதவங்களையா?”

“ஐஸ் பேக்டரில கையெழுத்துப் போடத்தான பட்டம் வேணும்? ஐஸ் பேக்டரிக்கு ஆளு செய்யுத படிப்பச் சோதிக்கப் பட்டம் வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க. சட்டம் போட்டது நானா? நிபுணர் எந்தத் தொழிற்சாலைக்குள்ள வேணும்னாலும் போகலாம்ல?”

“போகலாம். யாரும் தடுக்க முடியாது.” நஜ்முதீன் சட்டத்தை மனத்துக்குள் ஒருமுறை புரட்டினார். எல்லாப் பக்கமும் சரியாக இருந்தது. “எங்களுக்கும் ஆள் தேவைதான். குடுக்கற படிக்கு மதுரைக்கு யாரும் வரமாட்டேங்கறாங்க,” என்றபடி அவளை நிபுணராக அமர்த்தும் ஆணையை அடித்தார். கையெழுத்துப் போட்டார். திரும்பப் படிக்கவில்லை. சந்தேகம் வந்தால்தானே திரும்பப் படிக்க.

செண்பகவல்லி அதை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“எதைச் சோதிக்கப் போறீங்க?” என்றார் அவர்.

“அந்தக் கடைசி அடுக்க.”

“அதுல தப்பே இருக்காதும்மா.”

“யாராவது பாத்திருக்காங்களா சார்?”

“பாக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல.”

“உங்களுக்கு இருக்கா அது?”

“முழுப் பதியம். முதல் தரம். கெமிக்கல்தான் படிச்சேன்.” அவர் குரலில் சின்னப் பெருமை.

“அப்ப உங்ககிட்டயே கேக்கேன் சார்.” அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேள்வியை இப்படிக் கேட்பது சரியா என்று ஒரு கணம் தடுமாறினாள், பிறகு கேட்டாள். “எங்க பேக்டரில அம்மோனியா டேங்க் வெடிச்சுட்டு. நானூறு பேரு உள்ள இருக்காங்க. எந்தப் பக்கம் ஓடச் சொல்லணும்?”

“மெயின் கேட்டுக்கு.” கேள்வி முடியுமுன் விடை வந்துவிட்டது.

“எங்க மெயின் கேட் கெழக்க இருக்கு. டேங்க் மேற்க இருக்கு. இது கச்சான் அடிக்கிற மாசம் சார். காத்து மேற்கயிருந்து வரும். வாயு கேட்டப் பாத்துத்தான் போகும். நானூறு பேரும் அதுகூடவே ஓடுவாங்க. காத்து கெழக்கயிருந்து வார வாடக் காலத்துல கேட்டு சரி. இப்ப தெக்குச் சுவர்ல இருக்கிற சின்ன வழியாத்தான் ஓடணும்.” அவள் நிறுத்தினாள். “காத்து எந்தப் பக்கம்னு நீங்க கேக்கவே இல்லியே சார். இன்னைக்கு எஞ் சீட்ல உக்காந்திருக்கவரும் கேக்க மாட்டாரு.”

நஜ்முதீன் எழுந்தார்.

சுவரோரம் போய், கட்டடம் கட்டிய நாளிலிருந்து திறக்காத ஜன்னலின் கொக்கியைத் தட்டித் தட்டி விடுவித்தார். தூசி கொட்டியது. வெளியே பஸ் இரைச்சலும் வெயிலும் உள்ளே நுழைந்தன. கையை மணிக்கட்டு வரை நீட்டி, காற்று வரும் பக்கம் பார்க்க உள்ளங்கையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“தெரியலையேம்மா,” என்றார்.